முற்கூட்டிய பாராட்டு விழா

தாஹிர் சேரிடம் கணிதத்தில் எழுபது புள்ளி வாங்கிய பிள்ளை கிண்ணியாவில் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. எழுபதுக்கும் எண்பதுக்கும் எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்தான் கொடுக்கவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புள்ளி கூடினால் தலை கனக்கும், தலை கனத்தால் கை ஓடாது என்பது அவருடைய பதினொரு வருட அனுபவம். ஆகையால் விடைக்கு அடியில் இரட்டைக் கோடு இல்லாவிட்டால் நான்கு புள்ளியை வெட்டுவார். அலகு எழுதாவிட்டால் ஐந்து. ஒரு படிமுறையை மனத்துக்குள் செய்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவினால் அந்தக் கேள்விக்கே பூச்சியம். பரீட்சை நெருங்க நெருங்கப் பிடி இறுகும். பின்தங்கிய பிள்ளைகளிடம் அவர் வேறு மனிதர். கேள்வியைப் பார்த்து எழுதியிருந்தாலே அந்த உழைப்புக்கு மூன்று புள்ளி உண்டு. ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் ஆறோ ஏழோ கூட்டிப் போடுவார். “ஓடுற மாட்டுக்கு ஒரு தட்டு, படுக்கிற மாட்டுக்கு ஒரு பிடி புல்லு” என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சூத்திரம். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மருந்து வேலை செய்யாது.

பதினோராம் தர முடிவில் எழுதும் அரசாங்கச் சாதாரண தரப் பரீட்சைத் தாள்களை எங்கேயோ யாரோ திருத்துவார்கள். அவர்களுக்குத் தாஹிர் சேரின் சூத்திரம் தெரியாது. அங்கே கெட்டிக்காரர்கள் ஏ எடுத்தார்கள், படுத்திருந்தவர்கள் எழும்பிச் சித்தியடைந்தார்கள். பதினொரு வருடமும் இப்படியே சரியாக வந்தது.

அந்த வருடம் பதினோராம் தரத்தில் ஷிஃபானா என்றொரு பிள்ளை இருந்தாள். மற்றவர்கள் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடையை எழுதிவிட்டு, குடாவில் நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பல்களை யன்னலால் எண்ணிக்கொண்டிருப்பாள். நடுவில் இருக்க வேண்டிய படிமுறைகள் எங்கே என்று கேட்டால், “அது தெரியுந்தானே சேர்” என்பாள். தெரிந்தால் போதாது, எழுத வேண்டும் என்று அவளுக்கு உறைப்பதற்காக அவர் ஐந்து தவணைகளில் கொடுத்த புள்ளிகள் இவை: அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்பது, நாற்பத்துநான்கு. கடைசி வரிசையில் அஸ்ஹான் இருந்தான். ஓட்டோக்காரரின் மகன், நல்ல பிள்ளை, பின்னங்களைக் கண்டால் பாலத்தடிக்கு ஓடிவிடுவான். அவன் ஓடாமல் இருப்பதற்காகக் கொடுத்தவை: முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு, ஐம்பத்தொன்று, ஐம்பத்தேழு, அறுபத்துமூன்று.

இந்த இரண்டு வரிசைகளையும் வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. கலங்கரை வைத்திருந்தது.

கலங்கரை என்பது துறைமுகக் கல்வி வலயத்தின் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு இட்ட பெயர். அதன் தொடக்க விழாவுக்கு எல்லாக் கணித ஆசிரியர்களையும் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். மேசையில் இருந்த மடிக்கணினிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். வலயக் கல்விப் பணிப்பாளர் நாடாவை வெட்டிய அதே கணத்தில் மின்சாரம் போயிற்று. ஆகையால் அன்று செயற்கை நுண்ணறிவை எல்லோரும் மனக்கண்ணால் பார்த்தார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யாததால் பணிப்பாளர் தொண்டையை நம்பிப் பேசினார்.

“இந்த வலயத்தில சித்தியடையாத பிள்ளை எண்டு இனி ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது. அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, எல்லாரையும் ஒழுங்கா படிப்பிக்கிறது. அது நாங்கள் முப்பது வருஷமா செய்து பாத்துச் சரிவராத வழி.” மண்டபம் சிரித்தது. தாஹிரும் சிரித்தார். இரண்டாவது வழி என்ன என்று பணிப்பாளர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பகல் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு திட்ட இணைப்பாளர் கௌசிகா மிஸ் விதிகளை விளக்கினார். ஐந்து தவணைப் புள்ளிகளையும் ஆசிரியர்களே பதிவேற்ற வேண்டும். ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் சான்றாகப் படம் ஒன்று அனுப்ப வேண்டும், அதற்குப் பாடசாலைக்குப் புள்ளி உண்டு. படத்தில் முகங்கள் தெளிவாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு முகமாவது சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கலங்கரை படத்தை ஏற்காது.

“ஏன் மிஸ் சிரிக்க வேணும்?” என்று தாஹிர் கேட்டார்.

“மகிழ்ச்சியான கற்றல் சேர். அது ஒரு அளவுகோல்.”

பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்த இடம் கிண்ணியாப் பாலம். ஆகையால் மூன்று கிழமைகள் ஆசிரியர்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்று கைபேசியை நகரப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். வழமையாக அங்கே தூண்டில் போடுகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

“என்ன சேர், ஏதும் படுகுதா?” என்று ஒரு தூண்டில்காரர் கேட்டார்.

“ரெண்டு பிள்ளைட புள்ளி போயிருக்கு.”

“பரவாயில்லையே. எனக்கு விடிஞ்சதில இருந்து ஒண்டுமில்ல.”

அந்த மூன்று கிழமைகளும் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. நான்காவது கிழமை கலங்கரையிடமிருந்து எல்லா ஆசிரியர்களுக்கும் எச்சரிக்கை வந்தது: கடந்த மூன்று கிழமைகளாகக் கற்பித்தல் வீழ்ச்சியடைந்துள்ளது, காரணத்தை எழுத்தில் பதிவேற்றவும். பதிவேற்றுவதற்காக அவர்கள் மறுபடியும் பாலத்துக்குப் போனார்கள்.

பெறுபேறு வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே ஒரு நிறம் இருந்தது. பச்சை என்றால் நிச்சயம் சித்தி, மஞ்சள் என்றால் ஐயம், சிவப்பு என்றால் சித்தியடையாது. தாஹிரின் நாற்பத்துமூன்று பிள்ளைகளில் நான்கு சிவப்பு. முதல் சிவப்பு ஷிஃபானா. எதிர்பார்க்கப்படும் புள்ளி முப்பத்துமூன்று. பச்சைகளில் உச்சியில் இருந்தவன் அஸ்ஹான். எதிர்பார்க்கப்படும் புள்ளி எழுபத்தைந்து, ஏ.

தாஹிர் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தவணைக்கு ஐந்தரை இறக்கம், இன்னும் இரண்டு தவணை, முப்பத்துமூன்று. மற்றதில் ஒரு தவணைக்கு ஆறும் சொச்சமும் ஏற்றம், இன்னும் இரண்டு தவணை, எழுபத்தைந்து. கலங்கரை ஒரு பிழையும் விடவில்லை. எட்டாம் தரத்துப் பிள்ளையும் அடிமட்டக் கோலை வைத்து இந்த நேர்கோட்டை இழுத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாடா வெட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறத்தோடு ஆளுக்கொரு தொழில் பரிந்துரையும் வந்திருந்தது. அஸ்ஹானுக்கு விண்வெளிப் பொறியியல். ஷிஃபானாவுக்கு நண்டு பதனிடல். தாயின் தொழில் என்ற கட்டத்தில் அப்படித்தான் நிரப்பியிருந்தார்கள்.

அஸ்ஹான் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“சேர், எனக்கு ஏ வருமாமே.”

“ஓமாம்.”

“அந்த மெஷினுக்கு என்னைத் தெரியாதா சேர்? நீங்களாவது ஒருக்காச் சொல்லக் கூடாதா? வீட்ட வாப்பா எல்லாருக்கும் சொல்லிட்டார். ஓட்டோவில ஏறுற ஆக்களுக்கெல்லாம் சொல்றார்.”

“படிச்சா வரும், போடா.”

“விண்வெளியாம் சேர். வாப்பாட ஓட்டோ பாலத்தால ஏறுறதுக்கே நாங்க இறங்கித் தள்ளுற.”

சிவப்பைப் பார்த்தபோதே தாஹிர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திறந்தால் பதினொரு வருட மருந்தின் செய்முறையைச் சொல்ல வேண்டிவரும். அதற்குள் பள்ளிக்கூட அதிபர் அப்துல் மஜீத் அவரைக் கூப்பிட்டு நல்ல செய்தி ஒன்று சொன்னார். சிவப்புப் பிள்ளைகளுக்கு வலயம் மாலையில் விசேட வகுப்பு நடத்தப்போகிறது, பெற்றோரின் சம்மதம் மட்டும் வேண்டும். கெட்டிக்காரிக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடக் கிடைக்கிறது, ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று தாஹிர் நினைத்தார்.

அவர் கணித ஆசிரியர். படிவத்தை முழுதாக வாசித்தார். தலைப்பு விசேட கவனிப்புச் சம்மதம். ஏழாவது வரியில், ‘மாணவரின் நலன் கருதி வலயம் எடுக்கும் தீர்மானங்கள் அனைத்துக்கும் உடன்படுகிறேன்’ என்று இருந்தது.

“தீர்மானங்கள் எண்டா என்ன சேர்?”

“வகுப்பு மூண்டு மணிக்கா நாலு மணிக்கா எண்டு யாராவது தீர்மானிக்க வேணுமே தாஹிர்” என்றார் அதிபர். “நீங்களே கொண்டு போங்க. உம்மு குல்சும் உங்கட சொல்லுக்குத்தான் ஒப்பம் வைப்பா.”

உம்மு குல்சும் ஷிஃபானாவின் உம்மா. நண்டுக் கம்பனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற வேலை. தாஹிர் போனபோது அவர் வேலை முடிந்து வந்து, வெட்டுப்பட்ட விரல்களில் பிளாஸ்டர் மாற்றிக்கொண்டிருந்தார். ஷிஃபானா குசினிக்குள் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்றாள்.

“சிவப்பு எண்டாங்களே சேர். கேட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல.”

“அது ஒண்டுமில்ல ராத்தா. கூடக் கவனிக்க வேணும் எண்டதுக்கு ஒரு அடையாளம். விசேட வகுப்பு வைப்பாங்க. நல்லதுதான்.”

“கம்பனியில எனக்குப் பக்கத்துக் கதிரை ஒண்டு வெறுமையாக் கிடக்கு சேர். சூப்பர்வைசர் ஒவ்வொரு கிழமையும் மகள் எப்ப வாறா எண்டு கேக்கிறான். அவட வாப்பாவோட நான் பேசி வச்சிருக்கிறது ஒரே கதைதான். இந்த வருஷம் எழுதிப் பாஸ் பண்ணினா மேல படிக்கட்டும். இல்லாட்டி அந்தக் கதிரை. அடுத்த வருஷம் எண்ட கதை எங்கட ஊட்டில இல்ல.”

“எழுதுவா. நல்லா எழுதுவா.”

உம்மு குல்சும் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இது நான் வாசிச்சு விளங்குற காயிதம் இல்ல. நீங்க வாசிச்சீங்களா சேர்?”

“ஓம்.”

“அப்ப சரி.” பிளாஸ்டர் சுற்றிய விரலால் பேனையைப் பிடித்து ஒப்பம் வைத்தார்.

விசேட வகுப்பு ஒரு நாள் நடந்தது. நகரத்தில் இருந்து பயிற்சி கொடுக்கும் வளவாளர் ஒருவர் வந்து, சிவப்பு என்று மனம் தளரக் கூடாது என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார். பேசி முடிந்ததும் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். கலங்கரை படத்தை ஏற்றுக்கொண்டது. ஆகையால் விசேட வகுப்பு வெற்றிகரமாக முடிந்துவிட்டது.

இரண்டு கிழமைகள் கழித்து, பாடசாலை மூலம் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் கையெழுத்து வைக்க தாஹிரை அதிபர் கூப்பிட்டார். தாஹிர் பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்பது பெயர்கள். இன்னொரு முறை எண்ணினார்.

“நாலு பேர் குறையுது சேர்.”

“சிவப்புப் பிள்ளைகள். அவங்கட பெற்றோர் ஒத்திவைக்கச் சம்மதிச்சிருக்காங்க. அடுத்த வருஷம் நல்லா ஆயத்தப்படுத்திக்கொண்டு எழுதட்டும்.”

“எப்ப சம்மதிச்சாங்க?”

“நீங்கதானே ஒப்பம் வாங்கி வந்த” என்றார் அதிபர். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நன்றியே இருந்தது.

தாஹிர் ஏழாவது வரியை நினைத்துக்கொண்டார். மாலையில் உம்மு குல்சும் வீதியில் கண்டு, விண்ணப்பம் போய்விட்டதா என்று கேட்டபோது, “கந்தோர்ல ஒரு சின்னப் பிழை. நான் நாளைக்குப் போய்ச் சரிப்படுத்துறன்” என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

வியாழன் காலை பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போனார். வலயக் கந்தோர் வாசலில் ‘வலயத்தின் இலக்கு: நூறு வீதச் சித்தி’ என்று பலகை. நூறு என்பதை மட்டும் புதிதாகத் தீட்டியிருந்தார்கள். உள்ளே பணிப்பாளர் மிகவும் அன்பாகக் கதிரை காட்டினார்.

“சேர், ஷிஃபானா என்ர பள்ளிக்கூடத்திலயே கெட்டிக்காரப் பிள்ளை.”

“கலங்கரை அப்பிடிச் சொல்லேல்லையே மாஸ்டர்.”

“அந்தப் புள்ளி சரியில்ல சேர்.”

“புள்ளி யார் போட்டது?”

“நான்தான்.”

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். தாஹிர் பதினொரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சூத்திரத்தை இன்னொரு மனிதரிடம் சொன்னார். தட்டையும் சொன்னார், புல்லையும் சொன்னார். பணிப்பாளர் இடைமறிக்காமல் கேட்டார். இப்படி ஒருவர் முழுதாகக் கேட்பது தாஹிருக்கு நம்பிக்கை தந்தது.

“எழுத்தில தர ஏலுமா?”

“தாறன் சேர். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்ல, பிள்ளைட பேரைப் போடுங்க.”

“முதல்ல எழுத்தில தாங்கோ. எங்களுக்கு அது பெரிய உதவி.”

தாஹிர் அங்கேயே ஒரு மேசையில் இருந்து இரண்டு பக்கம் எழுதினார். அலகுக்கு ஐந்து, கோட்டுக்கு நான்கு, படிமுறைக்கு முழுப் புள்ளியும் என்று ஒன்றும் விடாமல் எழுதினார். ஷிஃபானாவின் விடைகள் எல்லாம் சரியானவை என்று கடைசி வரியில் எழுதி அடிக்கோடு இட்டார். இரட்டைக் கோடு.

பணிப்பாளர் அதை வாங்கிக் கோவைக்குள் வைத்தார். “அப்ப அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பொய்ப் புள்ளி போட்டிருக்கிறியள்.”

“ஓம் சேர்.”

“பொய்ப் புள்ளி இருக்கிற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்ப ஏலாது. விசாரணை முடியவேணும். விசாரணைக் குழு பரீட்சை முடிஞ்ச பிறகுதான் கூடும். இப்ப எல்லாரும் பரீட்சைக் கடமையில நிப்பினம்.”

தாஹிர் மூடிய கோவையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “சேர், மற்றப் பிள்ளைகளுக்கும் நான்தானே புள்ளி போட்டது. அஸ்ஹானுக்குக் கூட்டிப் போட்டன். அதுவும் பொய்தானே?”

“அவங்கள் பச்சை மாஸ்டர்” என்றார் பணிப்பாளர். “பச்சையில பிழை தேடுறது திட்டத்தின்ர நோக்கம் இல்ல.”

“அப்ப திட்டத்தின்ர நோக்கம் என்ன சேர்?”

“வாசல்ல பலகை வச்சிருக்கிறமே. வரேக்க பாக்கேல்லையா?”

வெள்ளிக்கிழமை போயிற்று. முப்பத்தொன்பது பெயர்கள் போயின. உம்மு குல்சும் இரண்டு முறை பள்ளிக்கூட வாசலுக்கு வந்து கேட்டார். தாஹிர் இரண்டு முறையும், கந்தோரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். உண்மையைச் சொல்வதற்கு அவர் ஒரு நல்ல நாள் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன் வலயம் நாள் குறித்துவிட்டது.

பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமைகள் இருந்தன. வழமையாகச் சாதனையாளர் பாராட்டு விழா பெறுபேறு வந்த பிறகு நடக்கும். பெறுபேறுதான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, ஏன் காத்திருக்க வேண்டும் என்று வலயம் தீர்மானித்தது. நகர மண்டபத்தின் முகப்பில் பன்னிரண்டடிப் பதாகை கட்டினார்கள். நடுவில் அஸ்ஹானுடைய முகம். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். படம் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. கீழே ‘எதிர்வரும் பரீட்சையில் கணித பாடத்தில் அதிவிசேட சித்தி பெறவுள்ள செல்வனை வாழ்த்துகிறோம்’ என்று இருந்தது.

மண்டபத்தில் இருநூறு முகங்கள் தெரிய வேண்டும் என்பதால் சிவப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். பிள்ளையின் கற்றல் ஆவணங்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். உம்மு குல்சும் கம்பனியில் அரை நாள் லீவு போட்டு, ஷிஃபானாவையும் கூட்டிக்கொண்டு, மடியில் ஒரு சொப்பிங் பேக்கோடு கடைசி வரிசையில் வந்து இருந்தார். தாஹிரைக் கண்டு தலையசைத்தார். இந்த விழாவில் ஏதோ நல்லது சொல்லப்போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அஸ்ஹானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் சபையைப் பார்த்தான், தாஹிர் சேரைப் பார்த்தான், “எல்லாரும் எனக்கு துஆச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். அன்று அந்த மேடையில் பேசப்பட்டவற்றில் உண்மை அது ஒன்றுதான்.

பிறகு பணிப்பாளர் எழும்பினார்.

“பரீட்சை எழுதாமலே வெற்றி பெற்ற முதல் வலயம் எங்கட வலயம். நூறு வீதம். எங்களிட்டச் சிலர் கேக்கினம், செயற்கை நுண்ணறிவு பிழை விடாதா எண்டு. விடாது. அதுக்கு என்னட்ட எழுத்தில ஆதாரம் இருக்கு.” அவர் கோவையில் இருந்து இரண்டு பக்கங்களை எடுத்தார். “வலயம் முழுக்கத் தேடி ஒரேயொரு பிழைதான் பிடிபட்டது. அதுவும் மனிசர் விட்ட பிழை. ஒரு கணித ஆசிரியர், தன்ர கெட்டிக்கார மாணவி ஒராளுக்கு ரெண்டு வருஷமா வேணுமெண்டு புள்ளியை வெட்டியிருக்கிறார். அவரே ஒத்துக்கொள்ளுறார், பிள்ளையின்ர விடை எல்லாம் சரியாம். பாருங்கோ, மனிசரை நம்பினால் என்ன நடக்குது. அந்த ஆசிரியரின்ர நேர்மையை நாங்கள் மதிக்கிறம். அவரும் இந்தச் சபையில இருக்கிறார். ஒருக்கா எழும்புங்கோ மாஸ்டர்.”

தாஹிர் எழும்பினார். எழும்பாமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு சபையில் பெரியவர்கள் எழும்பச் சொன்னால் எழும்புவதுதான் அவர் பழகியது. இருநூறு பேர் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இரண்டு பேர் தட்டவில்லை.

விழா முடிந்து எல்லோரும் சிற்றுண்டிப் பெட்டிக்கு வரிசையில் நின்றார்கள். உம்மு குல்சும் வெளியே பதாகையின் கீழ் நின்றார். தாஹிர் தானாகவே அங்கே போனார்.

உம்மு குல்சும் சத்தம் போடவில்லை. சொப்பிங் பேக்கைத் திறந்து, அலுமாரிக்குள் மடிபடாமல் வைத்திருந்த ஐந்து விடைத்தாள்களை எடுத்தார். முதலாவதை நீட்டினார்.

“எனக்குக் கணக்குத் தெரியாது சேர். இதில பிழை எங்க எண்டு காட்டுங்க.”

தாஹிர் வாங்கிப் பார்த்தார். எங்கும் அவருடைய சிவப்பு மை. “பிழை இல்ல ராத்தா.”

“இதில?”

“இதிலயும் இல்ல.”

மூன்றாவதை நீட்டினார். நான்காவதை நீட்டினார். நாற்பத்துநான்கு போட்ட கடைசித் தாளை நீட்டும்போது பிளாஸ்டர் சுற்றிய விரலால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

“ஒண்டிலயும் இல்லையா?”

“இல்ல.”

“அந்தக் காயிதத்தை வாசிச்சீங்களா எண்டு கேட்டன். ஓம் எண்டீங்க.”

“ஓம்.”

ஷிஃபானா அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “சேர், நாப்பத்திநாலு வந்த அண்டைக்கு அந்தக் கணக்கை நான் ஆறு தரம் திருப்பிச் செய்தனான். ஆறு தரமும் அதே விடைதான் வந்தது. உங்களுக்குப் பிழை வராதுதானே. அப்ப நான்தான் மொக்கு எண்டு நினைச்சன்.”

தாஹிரின் கை சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனைக்குப் போனது. தாளின் மூலையில், இரட்டைக் கோட்டுக்கு நான்கு போகத் தொண்ணூற்றாறு என்று எழுத வேண்டும் போல் இருந்தது.

“வேணாம் சேர்” என்றார் உம்மு குல்சும். “பேனையை வைங்க. திங்கக்கிழமை அவ என்னோட வாறா. கதிரையைத் துடைச்சு வச்சிருக்காங்களாம்.”

அப்போது கௌசிகா மிஸ் கைபேசியோடு ஓடிவந்தார்.

“ஆ, நல்லதாப் போச்சு. ஆசிரியர், பெற்றோர், மாணவி, கையில விடைத்தாளும் இருக்கு. பெற்றோர் பங்கேற்புக்குப் படம் ஒண்டு குறையுது சேர். அப்பிடியே நில்லுங்கோ.”

அப்படியே நின்றார்கள். கலங்கரை முதல் படத்தைத் திருப்பியனுப்பியது: சிரிப்பு காணப்படவில்லை. இரண்டாவதையும் திருப்பியனுப்பியது. கொஞ்சம் சிரிக்க ஏலாதா என்று கௌசிகா மிஸ் கேட்டார். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ யோசித்து, நாலடி பின்னால் போய், பதாகையும் விழுகிற மாதிரி மூன்றாவது படத்தை எடுத்தார்.

அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. முகங்கள்: நான்கு. சிரிப்பு: ஒன்று. மூன்று பேருடைய தலைகளுக்கும் மேலே அஸ்ஹான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பெற்றோர் பங்கேற்புக்காகப் பாடசாலைக்கு ஐந்து புள்ளிகள் கிடைத்தன. அதில் யாரும் எதையும் வெட்டவில்லை.